ஓனர் “ஓசி சாஃப்ட்வேர் நமக்கு வேண்டாம்” என்கிறார், என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?

கரூர்_இடிபி:

வணக்கம். கரூரில் ஒரு ஹோம் டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறேன். பதவி இ.டி.பி. இன்சார்ஜ், அதாவது கேபிளுக்கு முனை போடுவதிலிருந்து கேட்டில் இருக்கும் பயோமெட்ரிக் மெஷினைத் துடைப்பது வரை எல்லாம் நான்தான். மொத்தம் 23 சிஸ்டம். அதில் 16, நாலாம் தலைமுறை ஐ3 போட்டவை, எஸ்.எஸ்.டி. மாற்றிக் கொடுத்ததால் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. அதற்கு 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் சேர்த்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. காசு கட்டி அப்டேட்டை நீட்டிக்கலாம், கம்பெனிகளுக்கு ஒரு சிஸ்டத்துக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு. அதுவும் விண்டோஸ் ஒரிஜினலாக இருந்தால்தானே.

அங்கேதான் இடிக்கிறது. 23-ல் ஒரிஜினல் 5. எக்ஸெல் எல்லாம் கிராக், அதாவது திருட்டுப் பிரதி. சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரரே “எல்லாம் போட்டுத் தருகிறேன்” என்று போட்டுக் கொடுத்தது, நான் சேருவதற்கு முன்பே. போன மாதம் ஒரு மெயில் வந்தது, உங்கள் நிறுவனத்தில் என்னென்ன மென்பொருள், எத்தனை கணினியில் ஓடுகிறது, விவரம் அனுப்புங்கள் என்று. ஓனர் அதை எனக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சரி, இதுதான் சமயம் என்று நினைத்து 18 பக்கத்துக்கு ஒரு பிரசன்டேஷன் தயார் செய்தேன். கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன, அது தரும் நான்கு சுதந்திரங்கள் (பயன்படுத்த, கோடைப் படிக்க, மாற்ற, பகிர), உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் எல்லாமே விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் ஓடுவது, எல்லாம் வைத்தேன். மூன்றாவது பக்கத்தில் “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். “இலவசம் சார்.” அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. “ஓசியில் வருவதை நம்பி ஷிப்மென்ட் நாளில் நான் யார் காலில் விழுவது?” என்று கேட்டுவிட்டு லோடிங் பார்க்கப் போய்விட்டார்.

எனக்குக் கல்லூரியில் அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் வகுப்பில் அதைத் திறந்து பார்த்தவன் நான் ஒருவன்தான், அதனால் எனக்கு இது கொஞ்சம் மனசுக்கு நெருக்கமான விஷயம். யாராவது ஒரு கம்பெனியில் இதைச் சாதித்திருந்தால், ஓனரிடம் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

டக்ஸ்_தம்பி:

அவர் பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே லினக்ஸ்தான் என்று சொல்லுங்கள் ப்ரோ. வாயடைத்துப் போவார்.

ஈரோடு_சர்வீஸ்:

வாயடைத்துப் போவார், அப்புறம் பழைய கடைக்காரரையே கூப்பிடுவார். இந்த ஆண்ட்ராய்டு வசனத்தை நானும் பத்து இடத்தில் சொல்லிப் பார்த்தவன், எந்த ஓனரும் மசிந்ததில்லை.

கரூர் தம்பி, நான் ஈரோட்டில் 20 வருடமாக ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்துச் செய்கிறேன். என் கதையைக் கேளுங்கள், இதில் தப்பு முழுக்க என்னுடையது. 2019-ல் ஒரு நூல் வியாபார ஆபீஸில் ஓனர் சட்டென்று சரி சொல்லிவிட்டார், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 11 சிஸ்டத்தையும் உபுண்டு என்ற லினக்ஸுக்கு மாற்றினேன். திங்கள் காலை பத்தே முக்காலுக்கு அக்கவுண்ட்ஸ் மேடம் கூப்பிட்டார். 12,50,000 என்று இருந்த இடத்தில் 1,250,000 என்று நிற்கிறது. தொகை ஒன்றுதான், கமாதான் இடம் மாறியிருக்கிறது, ஆனால் அந்த அம்மா 25 வருடமாக லட்சத்தில் கணக்குப் பார்ப்பவர். “இது தொகையைத் தப்பாகக் காட்டுகிறது” என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். மதியம் இன்னொன்று: 05/04 என்று ஏப்ரல் 5-ஐ அடித்தால் அது மே 4 ஆகிவிடுகிறது, 13/04 என்று அடித்தால் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே, லோகேலை (எந்த நாட்டு முறையில் தேதி, எண் காட்டுவது என்கிற செட்டிங்கை) இங்கிலீஷ் இந்தியா என்று வைக்காமல் அமெரிக்காவிலேயே விட்டிருந்தேன். செட்டிங்கில் போய் மாற்றினால் தேதி சரியாகிவிடும், கமாவுக்கு #,##,##0 என்று ஃபார்மட் கொடுத்தால் போதும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் நம்பிக்கை போய்விட்டது, புதன்கிழமை லேபிள் பிரின்டர் ஸ்டிக்கருக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவே அடிக்க ஆரம்பித்ததும் கதை முடிந்தது. வியாழக்கிழமை பழையபடி கிராக் விண்டோஸ்.

அதிலிருந்து நான் கற்றது, லினக்ஸைக் கடைசியில் வையுங்கள். இப்போதிருக்கும் விண்டோஸிலேயே, எக்ஸெல், வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸை மட்டும் போடுங்கள், எக்ஸெல்லை எடுக்காதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். சேவ் ஆவது எக்ஸெல் ஃபார்மட்டிலேயே ஆகட்டும் என்று ஆப்ஷனில் ஒரு முறை வைத்துவிட்டால் வெளியே அனுப்பும்போது சிக்கல் வராது. காலிப்ரி ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் வரி ஓடிப்போய் பக்கம் மாறும், அதே அகலத்தில் கார்லிட்டோ என்று ஒரு இலவச ஃபான்ட் இருக்கிறது, அதைப் போடுங்கள். லிப்ரே ஆபீஸில் வெர்ஷன் 24.8-க்குக் கீழே போடாதீர்கள், அதற்கு முன் எக்ஸ்லுக்அப் (பட்டியலில் தேடி எடுக்கும் ஃபார்முலா) கிடையாது, உங்கள் மெர்ச்சன்டைசர்கள் (பையரோடு ஆர்டர் பேசுபவர்கள்) அதில்தான் உயிரை வைத்திருப்பார்கள். பையர் அனுப்பும், மேக்ரோ (தானாக ஓடும் சின்ன நிரல்) போட்ட ஷீட் இருந்தால் அந்த ஆளைத் தொடவே தொடாதீர்கள், அவருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

கணக்கு_அக்கா:

ஈரோடு அண்ணா சொன்ன அந்த மேடம் நானாக இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பேன் 🙂 நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், அதனால் கணக்குப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

தம்பி, முதலில் அந்த மெயிலுக்கு நீங்களாகப் பதில் போட்டுவிடாதீர்கள். எத்தனை சிஸ்டம், எத்தனை லைசென்ஸ் என்று நல்ல பிள்ளையாக எண்ணி அனுப்பினால் அது எழுத்தில் கொடுத்த ஒப்புதல். வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 63பி பிரிவில், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாளிலிருந்து 3 வருடம் வரை சிறை, 50,000-லிருந்து 2 லட்சம் வரை அபராதம். ஆனால் இதை வைத்து ஓனரை மிரட்டாதீர்கள். நான் பார்த்தவரை பயந்துபோன முதலாளி நேரே போய் லைசென்ஸ்தான் வாங்குகிறார், லினக்ஸ் பக்கம் வருவதில்லை.

அடுத்து, டேலியில் கை வைக்காதீர்கள். இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு யாராவது குனூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளைப் போடலாம் என்பார்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் இருந்தாக வேண்டும், யார் எந்த வவுச்சரை எப்போது திருத்தினார்கள் என்று பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது. ஆடிட் ரிப்போர்ட்டில் நாங்கள் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறோம். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஏதோ ஒன்றைப் போட்டு வைத்தால் மாட்டிக்கொள்வது நாங்களும் சேர்ந்துதான். கம்பெனி நிர்வாகம் முழுவதுக்குமான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் கட்டற்ற மென்பொருள்தான், இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற ஆப்பைச் சேர்த்தால் ஜி.எஸ்.டி., இ-இன்வாய்ஸ் வரை போகலாம். ஆனால் அது ஸ்டோரிலிருந்து உற்பத்தி வரை கம்பெனியையே மாற்றி எழுதுகிற வேலை, ஆறு மாதம் ஆகும், உங்கள் முதல் படியாக அது வேண்டவே வேண்டாம். எங்கள் கிளையன்ட்களில் நன்றாக ஓடுகிற இடங்களில் டேலிக்கு மட்டும் ஒரிஜினல் விண்டோஸில் ஒன்றிரண்டு சிஸ்டம் இருக்கிறது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதிலேயே. மற்ற மேஜைகளில் என்ன ஓடுகிறது என்று நாங்கள் கேட்பதே இல்லை.

ஒரு விஷயம், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அந்த ஒரே விண்டோஸில் எல்லோரும் நுழையலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அதற்கு மேல் வேண்டும் என்றால் சர்வர் லைசென்ஸ் தனி, ஆளுக்கு ஆள் லைசென்ஸ் தனி.

கோவை_லேத்:

நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது ஓனர். கோவையில் பம்ப் பார்ட்ஸ் கடைகிற சின்ன யூனிட், 9 சிஸ்டம், அதில் 6 இப்போது லினக்ஸ் மின்ட். எங்கள் சிஸ்டம் பையன் முதலில் வந்து கேட்டபோது நானும் ஏறக்குறைய உங்கள் ஓனர் சொன்னதைத்தான் சொன்னேன், அதனால் அவர் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

அவருக்கு விலை பிரச்சினை இல்லை தம்பி. ஆள்தான் பிரச்சினை. இப்போதைய பையனுக்கு முன்பு ஒரு பையன் இருந்தான், கெட்டிக்காரன், பெங்களூரில் வேலை கிடைத்து ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டான். ரவுட்டர் பாஸ்வேர்டு, கேமரா பாஸ்வேர்டு எல்லாம் அவன் தலையோடு போயிற்று. விண்டோஸ் என்றால் காந்திபுரத்தில் எந்தக் கடைக்குத் தூக்கிப் போனாலும் பார்த்துக் கொடுப்பான், லினக்ஸ் என்றால் இவன் ஒருவன் மட்டும்தான், இவனும் போய்விட்டால்? இதை எந்த ஓனரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான், சொன்னால் உன்னை நம்பித்தான் இருக்கிறேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், நீ சம்பளம் உயர்த்திக் கேட்பாய். அதனால் “ஓசி”, “தரமில்லை” என்று வேறு எதையாவது சொல்வான்.

எங்கள் பையன் என்ன செய்தான் என்றால், ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு பக்கம், என்ன போட்டிருக்கிறது, கெட்டுப்போனால் எந்த பென் டிரைவ், எந்த வரிசை என்று தமிழில் எழுதி என் மேஜையில் வைத்தான். அப்புறம் ஸ்டோர்ஸில் இருக்கிற பொண்ணைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் இல்லை, பி.காம்., அந்த நோட்டைக் கையில் கொடுத்து ஒரு சிஸ்டத்தை முழுக்க அழித்து மறுபடி போடச் சொன்னான். இவன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். 50 நிமிடத்தில் பில் பிரின்ட் வந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் விட்டது.

இன்னொன்று, அவன் காசு கேட்டான். வருடத்துக்கு இவ்வளவு, லைசென்ஸ் செலவில் பாதிகூட ஆகாது, அதில் வெளியிலிருந்து ஒரு ஆளை அவசரத்துக்கு வைத்துக்கொள்வதும் சேர்த்தி என்று பேப்பரில் எழுதிக் கொடுத்தான். சிரிக்காதீர்கள், காசு கேட்டதும்தான் எனக்கு இது வியாபாரமாகத் தெரிந்தது. சும்மா கொடுக்கிறவனிடம் நாளைக்குப் போய் ஏன் செய்யவில்லை என்று சட்டையைப் பிடிக்க முடியாதே.

டிராயிங்குக்கு ஃப்ரீகேட் என்ற கட்டற்ற மென்பொருளை முயற்சி செய்தோம். 2002-ல் ஆரம்பித்து 1.0 வருவதற்கு 2024 நவம்பர் ஆயிற்று, பொறுமைசாலிகள். எங்கள் சொந்த ஜிக், ஃபிக்ஸ்சர் எல்லாம் இப்போது அதில்தான். கஸ்டமர் அனுப்புகிற ஃபைலுக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கிய டிராயிங் மென்பொருள் (சி.ஏ.டி.) இரண்டு லைசென்ஸ் அப்படியே இருக்கிறது, அதை எடுக்கும் எண்ணமும் இல்லை.

ம்யூனிக்_மாமா:

கோவைக்காரர் சொன்னதை ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டும். நான் இருக்கிற ஊர் இந்த விஷயத்தில் பேர் போன ஊர் என்பதால் இரண்டு வார்த்தை. ம்யூனிக் மாநகராட்சி 2003-ல் லினக்ஸ் என்று முடிவெடுத்தபோது, பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்த மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் அதை விட்டுவிட்டு மேயரைப் பார்க்க ஓடி வந்தார், விலையைக் குறைக்கிறேன் என்றார். 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்தார்கள். 2017-ல் மன்றம் திரும்பவும் விண்டோஸ் என்று வாக்களித்துவிட்டது. நடுவில் மேயர் மாறியிருந்தார், வெளியிலிருந்து வரும் வேர்டு ஃபைல் சரியாகத் திறக்கவில்லை என்று ஊழியர்கள் வருடக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எது முக்கியக் காரணம் என்று இங்கே இன்றைக்கும் டீக்கடைச் சண்டை மாதிரி நடக்கிறது. என் கருத்து, முடிவெடுத்தவர் நாற்காலியில் இருந்த வரைதான் அது நின்றது.

பிரெஞ்சு ஜான்டார்மரி போலீஸ் படை வேறு வழியில் போனார்கள். 2005-ல் ஓப்பன் ஆபீஸ் மட்டும், அடுத்த வருடம் ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும், விண்டோஸ் அப்படியே இருந்தது. 2008-ல்தான் உபுண்டு பக்கம் திரும்பினார்கள். அதற்குள் தினமும் கை வைக்கிற எல்லாமே பழகிப்போயிருந்தது. ஈரோட்டுக்காரர் அடிபட்டுக் கற்றதும் அதுதானே.

உங்கள் ஓனருக்கு ஷேர் மார்க்கெட் பழக்கம் இருந்தால் ஷேர் புரோக்கர் கம்பெனியான ஜெரோதா பேரைச் சொல்லிப் பாருங்கள். கட்டற்ற மென்பொருள்களின் மேல் கட்டிய கம்பெனி என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள், 2024-ல் வருடத்துக்கு 10 லட்சம் டாலர் இப்படிப்பட்ட திட்டங்களுக்குக் கொடுப்பதாக ஒரு நிதியும் தொடங்கினார்கள். டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டரைவிட அது அவருக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும்.

டக்ஸ்_தம்பி:

ஓப்பன் சோர்ஸை, அதாவது இந்தக் கட்டற்ற மென்பொருளை, யாரும் பாதியில் நிறுத்த முடியாது என்பதையும் சேர்க்கலாமே?

ஈரோடு_சர்வீஸ்:

தம்பி, சென்ட்ஓஎஸ் 8 என்ற சர்வர் லினக்ஸை 2029 வரை பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு 2021 டிசம்பரோடு நிறுத்தினார்கள். இரண்டு இடத்தில் சர்வர் போட்டுக் கொடுத்துவிட்டு நான் முழித்த முழி எனக்குத்தான் தெரியும். ஆனால் கோடு வெளியே இருந்ததால் அல்மா, ராக்கி என்று சில மாதத்தில் வேறு ஆட்கள் எடுத்து நடத்தினார்கள், டேட்டாவைத் தொடாமல் நான் மாற்றிக்கொண்டேன். நிறுத்த முடியாது என்று சொல்லாதீர்கள், நிறுத்தினாலும் வேறொருவர் எடுத்து நடத்த வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். ஓனர்கள் பொய்யை மோப்பம் பிடித்துவிடுவார்கள், அவர்கள் தொழிலே அது.

கரூர்_இடிபி:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பிரசன்டேஷனைத் தூக்கிப் போட்டேன். 23 சிஸ்டத்தையும் ஒரே தாளில் எழுதினேன். யார் உட்கார்கிறார், ஒரு நாளில் உண்மையிலேயே எதைத் திறக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது. எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது, கேட், பேக்கிங், ஸ்டோர்ஸ், ஹெச்.ஆர். என்று 9 பேர் நாள் முழுக்க ப்ரவுசரும் ஒரே ஒரு எக்ஸெல் ஷீட்டும்தான். மெர்ச்சன்டைசிங்கில் 7 பேருக்குக் கண்டிப்பாக எக்ஸெல் வேண்டும், பையர் ஷீட்டில் மேக்ரோ இருக்கிறது. அந்த 7 பேருக்கும் புது சிஸ்டம், ஒரிஜினல் லைசென்ஸ் என்று கொட்டேஷன் வைத்தேன். டேலி இரண்டு அப்படியே. மீதி டிசைனும் ஆபீஸும், அதைப் பிறகு பேசலாம் என்று விட்டேன்.

காசு செலவாகும் பட்டியலோடு போனதால் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் கோவை அண்ணன் சொன்னதேதான், ஆனால் என்னிடம் வாய்விட்டே கேட்டுவிட்டார்: “உனக்குக் கல்யாணமாகி மாமனார் ஊருக்குப் போய்விட்டால்?” நோட்டைக் காட்டினேன். பாதிதான் எழுதியிருந்தேன், அதையும் புரட்டிப் பார்த்தார். பொங்கல் வரைக்கும் 4 சிஸ்டத்தில் செய்து பார், கேட்டையும் மெர்ச்சன்டைசிங்கையும் தொடாதே என்றார். மெயிலுக்கு வக்கீல் பார்த்துக்கொள்கிறார். “இதற்கு உனக்கு என்ன வேண்டும்?” என்றும் கேட்டார், எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இப்போது சந்தேகம் ஒன்று. பேக்கிங்கில் டெலிவரி சலான் அடிக்க 9 பின் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இருக்கிறது. லைவ் யூ.எஸ்.பி. (இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டுவது) போட்டு ஒரு பக்கம் எடுத்தேன், சரியாக வந்தது, ஆனால் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. பேக்கிங் அண்ணன் பக்கத்தில் நின்று “என்னடா இது, இழுத்து இழுத்துப் பாடுது” என்கிறார். லாரி நிற்கும்போது இது ஆகாது.

கோவை_லேத்:

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு வாயைத் திறக்காமல் வந்தீர்களே தம்பி. நாளைக்கே போய் ஒரு தொகை சொல்லுங்கள்.

ஈரோடு_சர்வீஸ்:

எழுத்தைப் படமாக மாற்றி அனுப்புகிறது, அதனால்தான் இழுக்கிறது. பிரின்டர் செட்டிங்கில் ரெசல்யூஷன் 240×72 என்று நிற்கும், 120×72-க்கு இறக்கி ஒரு சலான் எடுங்கள். எழுத்து கொஞ்சம் மெலிந்து வரும், கார்பன் காப்பியில் மூன்றாவது தாள் வரை படிக்க முடிகிறதா என்று மட்டும் பேக்கிங் அண்ணனிடம் காட்டிக் கேளுங்கள்.